தென்னாப்பிரிக்காவில் டியூனிங் செய்த வண்டி, வாரண்டி கவுண்டர்: உங்களுக்கு என்ன நடந்தது?

சாட்ஸ்வர்த் பையன்:
ஸ்டேஜ் 1 (என்ஜின் மென்பொருளை மட்டும் மாற்றிப் பவர் கூட்டும் முதல் கட்ட டியூனிங்) போட்டு எட்டு மாதம்தான். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) போகும் வழியில், வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் டர்போ ஊளையிட்டுப் படுத்துவிட்டது. டர்பனுக்கு டோ டிரக்கில் வந்து சேர்ந்தோம். டீலரிடம் விடுவதற்கு முந்தின ராத்திரி டியூனரை வீட்டுக்கு வரவழைத்துப் கம்பெனி போட்ட பழைய மேப் ஃபைலையே திரும்ப ஏற்றினேன். காலையில் அட்வைசர் லேப்டாப்பை மாட்டிவிட்டு, "மேப் மாற்றினீர்களா?" என்றார். "இல்லை" என்றேன். ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். ஃபைல் கம்பெனியுடையதுதான். ஆனால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் எத்தனை தடவை ஃபைல் எழுதியிருக்கிறது என்ற கணக்கு 3. பேனா நுனியால் அந்த 3-ஐ இரண்டு தட்டுத் தட்டினார். பக்கத்தில் அப்பா. என்னைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த டயர் விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஃபீனிக்ஸ் அண்ணன்:
தம்பி, சும்மா பயந்துவிட்டாய். 2021 ஜூலை 1-லிருந்து காம்பெட்டிஷன் கமிஷன் (சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) வழிகாட்டுதல் இருக்கிறது. வெளிக் கராஜுக்குப் போனதற்காக வாரண்டியைப் பிடுங்க முடியாது. நானே வெளியில்தான் சர்வீஸ் செய்கிறேன்.

லெனேசியா அக்கா:
அண்ணா, அது சர்வீசுக்கு, ரிப்பேருக்கு. டியூனிங்குக்கு இல்லை. 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் ஆறு மாத உத்தரவாதம்கூட, தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாகக் கைவைத்த பொருளுக்குச் செல்லாது. 56-ஆம் பிரிவைப் படியுங்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், வாரண்டி மிச்சமிருந்த பழைய வண்டி வாங்கினேன். கோயில் வாசலில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தோஷமாக ஓட்டினேன். மூன்றாம் மாதம் கிளட்ச் போனது. வண்டி முன்பே டியூன் ஆனது என்று டீலர் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். விற்ற ஆள் அன்று பிரசாதம்கூட வாங்கிக்கொண்டு போனார்!

டோங்காட் மெக்கானிக்:
என்னிடம் ஒருவர் பிக்கிபேக் பெட்டியை (சென்சார் வயரில் மாட்டிப் பவர் கூட்டும் பெட்டி) கழற்றி ஒளித்துவிட்டு வந்தார். வயரில் டேப் பசை அப்படியே இருந்தது. சரி, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். டியூன் போட்டால் வாரண்டி மொத்தமாகப் போகாது. ஏசியோ ஜன்னல் மோட்டாரோ கெட்டால், டியூனைக் காட்டி மறுக்க நியாயமில்லை. டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ், பிஸ்டன்தான் சிக்கல், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூட்டினால் டார்க்கும் (முறுக்கு விசை) சூடும் அங்கேதான் இறங்கும். ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளுக்கு கம்பெனி கணினியில் டிடி1 என்று, அதாவது டியூன் ஆன வண்டி என்று குறி விழுந்துவிட்டால், வேறு டீலரிடம் ஓடியும் பயனில்லை. மறுத்தால் எது எதனால் உடைந்தது என்று எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடிதத்தோடு மோட்டார் இண்டஸ்ட்ரி ஓம்பட்ஸ்மனிடம் (வாகனத் துறைக் குறைதீர்ப்பாளர்) போகலாம். இன்சூரன்சுக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைத்தால் விபத்துக் கிளெய்மும் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள், பிளக்...

சாட்ஸ்வர்த் பையன்:
அண்ணா, வண்டியை விற்றாயிற்று. அக்கா எழுதியதைப் படித்ததால், வாங்கினவரிடம் அந்த 3-ஐச் சொல்லிவிட்டேன். அங்கேயே 4,000 ராண்ட் குறைத்தார்.