உதவி: இரும்புக் கோதில டை ஊசி முறியுது. பித்தளை இல்லாத கோதுகளைச் சேர்த்து வைக்கிறதில பிரயோசனம் இருக்கோ?

கொக்குவில்_லேத்
வணக்கம் அண்ணைமார். கேள்வி என்ர தமையனுக்காக. அவர் ஒன்ராறியோவில லைசென்ஸோட கிளப்பில சுடுறவர். சுட்டு முடிஞ்ச தோட்டாக்களின்ர வெறுங்கோதுகளைத் திருப்பி நிரப்பிறதும் அவர்தான். கிளப் வாளியில ஓசியாக் கிடைச்ச கோதுகள் இப்ப ஒரு சாக்கு வைச்சிருக்கிறார்: 7.62×39, .223 (ரெண்டும் ரைபிளுக்கு), 9 மிமீ (பிஸ்டலுக்கு), அதோட 12 போர் (ஷொட்கன்) பிளாஸ்டிக் கோதுகளும். கனக்க இரும்பு, கொஞ்சம் அலுமினியம், சிலது வெள்ளி மாதிரி மினுங்குது.

பிரச்சினை: கோதை அமத்தி அளவுக்குக் கொண்டு வாற டை எண்ட அச்சில, பழைய பிரைமரை (கோதின்ர அடியில இருந்து மருந்தைப் பத்த வைக்கிற சின்னத் தொப்பி) உள்ளுக்கிருந்து தள்ளிற ஊசி முறியுது. பித்தளைக் கோதில முறியிறேல்லை, இரும்பில மட்டும்தான். "நல்ல உருக்கில கடைஞ்சு கடினப்படுத்தி அனுப்பு" எண்டு என்னட்டைக் கேக்கிறார். சில்வர் ஸ்டீலில 1.6 மிமீ கடையிறது எனக்கு வேலையில்லை. ஆனா ஊசிதான் பிழையோ, கோதுதான் பிழையோ எண்டு தெரியாமல் கடைய விருப்பமில்லை.

மட்டுறுத்துனர்
இழை திறந்திருக்கும், ஒரு நிபந்தனையோடு. இங்கே பேசப்படுவது கனடாவில் சொந்தப் பாவனைக்கு, அந்த நாட்டுச் சட்டத்துக்குள் செய்யப்படும் வேலை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. இங்கே யாரும் செய்துபார்க்கிற விஷயம் இல்லை. வெடிமருந்தின் நிறை, அளவு எதையும் இங்கே எழுத வேண்டாம். அதற்கு வெடிமருந்துக் கம்பனி வெளியிடும் கைநூல் இருக்கிறது.

ஸ்காபறோ_கிளே
தம்பி, ஊசி கடையாதேங்கோ. ஊசியில பிழையில்லை.

தமையனை ஒரு கோதை எடுத்து, வாய்ப்பக்கத்தால டோர்ச் அடிச்சு அடியைப் பாக்கச் சொல்லுங்கோ. நடுவில ஒரே ஒரு ஓட்டை தெரிஞ்சால் அது பொக்ஸர் வகை. ஊசி அந்த ஓட்டைக்குள்ளால போய் பிரைமரைத் தள்ளும். நடுவில ஓட்டையே இல்லாமல் பக்கத்தில ரெண்டு சின்ன ஓட்டை தெரிஞ்சால் அது பேர்டன். பேர்டனில நடுவில நிக்கிறது கோதின்ர சொந்த உலோகத்தால எழும்பின ஒரு முளை. பிரைமர் நசிபடுறதுக்கான பட்டடை அதுதான். தமையன் நெம்புகோலை அமத்தேக்க ஊசி கட்டி இரும்பில முட்டுது. முறியாமல் என்ன செய்யும்? நீங்கள் இன்னும் கடினமா அனுப்பினால் ஊசிக்குப் பதிலா டையின்ர தண்டு வளையும்.

ரஷ்யப் பக்கத்து இரும்புக் கோதுகள் பெரும்பாலும் பேர்டன். பழைய இராணுவ இருப்பில இருந்து வாற 7.62×39 உம் அப்பிடித்தான். வேடிக்கை என்னெண்டால், பேர்டன் எண்ட ஆள் அமெரிக்கர், பொக்ஸர் இங்கிலாந்துக்காரர். ஆனா அமெரிக்கா எடுத்தது பொக்ஸரை, ஐரோப்பா எடுத்தது பேர்டனை.

பேர்டனைக் கழட்ட வழி இல்லாமலில்லை. கோதுக்குள்ள தண்ணி நிரப்பி, வாய்க்கு இறுக்கமான தண்டை விட்டு அடிச்சால் தண்ணியின்ர அமுக்கத்தில பிரைமர் கழண்டு வரும். கொக்கி மாதிரி ஒரு கருவியும் இருக்கு. கழட்டினாப் பிறகு போட பேர்டன் பிரைமர் வேணுமே? வட அமெரிக்கக் கடையில அது தேடிக் கிடைக்கிற சாமான் இல்லை. நடுவில துளைச்சு பொக்ஸர் ஆக்கலாம் எண்டு யாராவது சொன்னால் கேக்க வேண்டாம். குழியின்ர விட்டமும் ஆழமும் பொருந்தாது, பிரைமர் பின்பக்கமா வாயு கக்கும். பின்பக்கம் எண்டால் முகம் இருக்கிற பக்கம்.

கொக்குவில்_லேத்
நன்றி அண்ணை. இப்பதான் வீடியோ கோலில பாத்தம். 7.62 முழுக்க ரெண்டு ஓட்டைதான். ஆனா .223 இரும்பில கொஞ்சம் நடுவில ஒரு ஓட்டையோட கிடக்கு. காந்தமும் பிடிக்குது. அதுகளை நிரப்பலாமோ?

உலோகம்_திருநெல்வேலி
நிரப்ப முடியுமா என்பதைவிட, பித்தளையை ஏன் தேர்ந்தார்கள் என்று பார்த்தால் பதில் தானாக வரும்.

கோதுக்குப் பாவிக்கும் பித்தளையில் செம்பு 70 வீதம், துத்தநாகம் 30 வீதம். வெடிக்கும்போது கோது வீங்கி, துப்பாக்கியில் அது இருக்கும் அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும். அமுக்கம் இறங்கியதும் சுருங்கி சுவரை விட வேண்டும். எவ்வளவு சுருங்கும் என்பது விளைவுத் தகைவை (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) யங்கின் மட்டால் (உலோகத்தின் விறைப்பைக் காட்டும் எண்) வகுத்தால் வரும் அளவு. பித்தளையின் மட்டு ஏறக்குறைய 110 கிகாபஸ்கால், உருக்கினுடையது 200. இரண்டுக்கும் விளைவுத் தகைவு 400 மெகாபஸ்கால் என்று வைத்தால் பித்தளை 0.36 வீதம் திரும்பும், உருக்கு 0.20 வீதம்தான். அதனால் இரும்புக் கோது சுவரை விட மனமில்லாமல் நிற்கும். 7.62×39 கோது நன்றாகக் கூம்பியிருப்பதால் சற்று இழுத்ததும் சுவரை விட்டுவிடும். .223 இன் உடல் அவ்வளவு கூம்பு இல்லை, ஆகவே அதில் இரும்பு இறுகும் வாய்ப்பு கூட.

இரண்டாவது விஷயம் மென்படுத்தல். ஒவ்வொரு முறை சுடும்போதும் டையில் அமத்தும்போதும் கழுத்து இறுகும். பித்தளையில் கழுத்தை மட்டும் சில விநாடி சூடாக்கி மென்மையாக்கலாம், அடிப்பகுதி குளிராகவே இருக்கும். உருக்கை மீளப் படிகமாக்க 600–700 பாகை வேண்டும். அந்தச் சூட்டில் மேற்பூச்சு எரிந்து போய்விடும். துத்தநாகப் பூச்சு 419 பாகையிலேயே உருகும், புகையும் நச்சு. அதாவது இரும்புக் கோதுக்கு மறுவாழ்வு கொடுக்கும் வழி வீட்டுப் பட்டறையில் இல்லை.

ஸ்காபறோ_கிளே
சேர் சொன்னதோட நடைமுறையில வாறதுகளையும் சேர்க்கிறன்.

பொக்ஸர் இரும்பு நிரப்புப்படாது எண்டில்லை. இரண்டாம் உலகப்போரில அமெரிக்காவில எவன்ஸ்வில் கிறைஸ்லர் ஆலை .45 பிஸ்டலுக்கு இரும்புக் கோது அடிச்சது, அடியில ஈ சி எண்ட எழுத்தும் ஆண்டும் இருக்கும். அது பொக்ஸர். ஹோர்னடி கம்பனியும் இரும்பில பொக்ஸர் செய்தது. ஆனா ஒருதரம் செய்துபாக்கிறது வேற, சேர்த்து வைக்கிறது வேற.

என்ன பிழைக்கும்: டையில அமத்தேக்க பித்தளையைவிடக் கனக்கப் பலம் வேணும், அதாலை மசகு தாராளமாப் பூச வேணும். இல்லாட்டில் கோது டைக்குள்ள சிக்கி, பிடிக்கிற விளிம்பு கிழிஞ்சு வரும். லாக்கர் பூச்சு உரிஞ்சு டைக்குள்ள படியும், அடுத்த பித்தளைக் கோதுகளில கோடு கீறும். பூச்சு கீறுப்பட்ட இடத்தில துரு. ஈரமாச் சுத்திக் கழுவுற டம்ளர் மெஷினுக்குள்ள போட்டால் அடுத்தநாளே சிவந்திருக்கும். நீளம் வெட்டிற வெட்டியின்ர பல்லு மழுங்கும். உள்ளுக் கொள்ளளவு பித்தளையோட ஒத்து வராது, ஆகவே பித்தளைக்கெண்டு அச்சடிச்ச கைநூல் அளவு இதுக்குச் செல்லாது. என்னைப் பொறுத்தவரை கடைசியாச் சொன்னது ஒண்டே போதும், வேற காரணம் தேவையில்லை.

பழைய இராணுவ இருப்பு 7.62 எண்டால் பிரைமர் அரிப்புத்தன்மையானது. சுட்டாப் பிறகு குழலிலயும் கோதிலயும் பொட்டாசியம் குளோரைட்டு உப்புத் தங்கி ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டுத் துடைச்சால் உப்புப் போகாது, முதல்ல சுடுதண்ணி ஊத்த வேணும், பிறகுதான் எண்ணெய். தமையனுக்கு இது தெரியாட்டில் இண்டைக்கே சொல்லுங்கோ.

நல்லூர்_மெக்கானிக்
அப்ப அலுமினியம்? சேர்ற கணக்குப்படி அதின்ர மட்டு 70தானே. நல்லாத் திரும்பி வர வேணுமே?

உலோகம்_திருநெல்வேலி
சரியான கேள்வி. உண்மையில் திரும்பி வரும், கழல்வதில் சிக்கல் இல்லை. சிக்கல் களைப்பு. வாயை விரித்துச் சுருக்கி விரித்துச் சுருக்கி வரும்போது அலுமினியத்தில் பித்தளைக்கு முதலே வெடிப்பு விழும். வெடிப்பு சுவரில் விழுந்தால் ஒடுங்கிய வழியால் பீறும் சூடான வாயு உலோகத்தையே அரித்து எரிக்கும். உருகுநிலை 660 பாகைதான், எரியும்போது தன் பங்குக்கு வெப்பமும் தரும். அறைச் சுவரும் சேர்ந்து பழுதாகும். சில அலுமினியக் கோதுகளின் அடியில் என்.ஆர். என்று பொறித்திருப்பார்கள், நிரப்பக்கூடாது என்பதன் சுருக்கம். நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது என்பதற்காக அதை மீற வேண்டாம். அலுமினியம் முழுவதும் பழைய உலோகக் கடைக்கு.

ஸ்காபறோ_கிளே
மினுங்குறதுகளை எறிய முதல் காந்தம் வைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. காந்தம் இழுக்காட்டில், கையில பித்தளை மாதிரிப் பாரமா இருந்தால், அது நிக்கல் முலாம் பூசின பித்தளை. தாராளமா நிரப்பலாம். வாயில மட்டும் வெறும் பித்தளையைவிடக் கெதியா வெடிப்பு விழும், முலாம் செதில் செதிலா உரியிறதும் உண்டு. 9 மிமீக்கு கார்பைட் (மிகக் கடினமான உலோகக் கலவை) டை எண்டால் கவலையில்லை. மறுபக்கம், மஞ்சளா இருக்கிறதெல்லாம் பித்தளையும் இல்லை. செம்போ பித்தளையோ மெல்லிசாப் பூசின இரும்பு கனக்கச் சுத்துது. கண் ஏமாத்தும், காந்தம் ஏமாத்தாது.

9 மிமீயில இன்னொண்டு: உடம்பு துருப்பிடியாத உருக்கு, அடி நிக்கல் முலாமிட்ட அலுமினியம், ரெண்டு துண்டு சேர்த்தது. ஷெல் ஷொக் கம்பனியின்ர என்.ஏ.எஸ்.3. அதை நிரப்பலாம், ஆனா அதுக்கெண்டு தனி டை வேணும். சாதாரண டையில போட்டால் வெளியில இழுக்கேக்க அடி தனிய, உடம்பு தனிய வரும். நாலைஞ்சு கோதுக்காக டை வாங்கிறது வீண்.

இனி சாக்கில இருக்கிற உண்மையான சரக்குக்கு வருவம். பித்தளை இல்லாத கோதில சேர்க்கத்தக்கது 12 போர் பிளாஸ்டிக்தான். எல்லாரும் இரும்பு, அலுமினியம் எண்டு சண்டை பிடிச்சு இதை மறந்துபோறது. கிளே (எறியிற களிமண் தட்டு) சுடுறவை நிரப்புறது முழுக்க இதைத்தான். வின்செஸ்டர் டபிள்-ஏ, றெமிங்டன் எஸ்.டி.எஸ். ரெண்டும் பேர்போனது. அடித் தொப்பி இரும்பா இருந்தாலும் பறவாயில்லை, அமுக்கத்தைத் தாங்கிறது ரைபிள் அளவு இல்லை.

தெரிவு செய்யேக்க பாக்க வேண்டியது: வாயில மடிப்பு ஆறோ எட்டோ எண்டு எண்ண வேணும், திருப்பி மடிக்கேக்க அதே எண்ணிக்கை. மடிப்பு இதழ் கிழிஞ்சால் எறியிறது. உள்ளுக்கு டோர்ச் அடிச்சு அடிக்குப் பக்கத்தில எரிஞ்ச ஊசித்துளை பாக்க வேணும். புது 209 பிரைமரை (ஷொட்கன் கோதுக்குப் போடுறது) வெறும் விரலாலயே தள்ளி ஏத்தலாம் எண்டால் குழி தளர்ந்திட்டுது. மிக முக்கியமானது அடிக்கட்டை. சில கோதில உடம்பும் அடியும் ஒரே வார்ப்பு. சிலதில நேரான குழாய்க்குள்ள தனிக்கட்டை செருகியிருக்கும். ஒரு குச்சியை உள்ள விட்டு அந்தக் கட்டையை அசைச்சுப் பாக்க வேணும். ஆடினால் குப்பை. ஆடுற கட்டை சுடேக்க கழண்டு குழலுக்குள்ள நிண்டால் அடுத்த வெடிக்குக் குழல் பிளக்கும்.

கோது மாறினால் கைநூலில அளவும் மாறும். டபிள்-ஏக்குச் சொன்ன வாட்டும் (மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையில வைக்கிற அடைப்பு) மருந்தும் நேர்க்குழாய்க் கோதுக்குப் பொருந்தாது. வகை வகையாப் பிரிச்சு வேற வேற பெட்டியில போடச் சொல்லுங்கோ.

கிளி_தோட்டம்
இடையில ஒரு கேள்வி, கோவிக்காதேங்கோ. எங்கட காணியில வாய்க்கால் வெட்டேக்க பச்சை பிடிச்ச பித்தளைக் கோதுகள் வருது. பழைய இரும்புக்காரன் கிலோ கணக்கில கேக்கிறான். குடுக்கலாமோ?

மட்டுறுத்துனர்
வேண்டாம். கோது வாற இடத்தில் வெடிக்காததும் வரும். மண்ணுக்குள் கிடந்த ரவையில் முனை உதிர்ந்திருந்தால் வெறுங்கோது மாதிரியே தெரியும், பிரைமர் உயிரோடு இருக்கும். உருக்கும்போதோ சுத்தியல் படும்போதோ வெடிக்கும். மண்வெட்டியை அந்த இடத்திலேயே விட்டு, வந்த தடத்தாலேயே திரும்பி நடந்து, தூர நின்று ஒரு அடையாளம் வைத்து, 119க்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் ஹலோ ட்ரஸ்ட் போன்ற கண்ணிவெடி அகற்றும் குழு வேலை செய்தால் அவர்களிடம் நேரடியாகவும் சொல்லலாம். படம் எடுக்கக் கிட்டப் போக வேண்டாம்.

கொக்குவில்_லேத்
எல்லாருக்கும் நன்றி. தமையனிட்டைச் சொல்லிட்டன்: காந்தம் பிடிக்கிறதும் அலுமினியமும் பழைய உலோகத்துக்கு, நிக்கலும் பிளாஸ்டிக்கும் வைச்சிருக்கிறது. கடைசியா ஒண்டு. பித்தளைக்கெண்டே ஒரு உபரி ஊசி கடைஞ்சு குடுப்பம் எண்டு நினைக்கிறன். 1.6 சரியோ?

ஸ்காபறோ_கிளே
சாதாரண பொக்ஸர் ஓட்டை ஏறக்குறைய 2 மிமீ, 1.6 தாராளம். ஆனா லப்புவா கம்பனிக் கோதுகள் சிலதில, உதாரணமா 6.5 கிறீட்மோர், ஓட்டை 1.5 மிமீதான். அதுக்கு 1.45. முனையைக் கூராக்க வேண்டாம், தட்டையா விட்டு விளிம்பை மட்டும் லேசா உருட்டுங்கோ. கூர் எண்டால் பிரைமரைத் துளைச்சுக்கொண்டு போகும், தள்ளாது. கடினப்படுத்தினாப் பிறகு நீலம் வாற அளவுக்குத் திருப்பிச் சூடாக்குங்கோ, இல்லாட்டில் கண்ணாடி மாதிரி ஒடியும். தமையன் லீ டை பாவிக்கிறார் எண்டால் தண்டைப் பிடிக்கிற கொலெட்டை அளவோட இறுக்கச் சொல்லுங்கோ. அப்ப தப்பித்தவறி ஒரு பேர்டன் வந்து மாட்டினாலும் தண்டு மேல வழுக்கும், ஊசி தப்பும்.