இரண்டு வக்கீல் அலுவலகங்களுக்கு இடையே ஃபீஸ் பங்கு ஒப்பந்தம் செல்லுமா?

கேள்வி:
மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கு. கட்சிக்காரரை அனுப்புவது மதுரை அலுவலகம், நடத்துவது சென்னை அலுவலகம். இருவருமே பதிவு பெற்ற வழக்கறிஞர்கள், ஒரே ஃபர்ம் இல்லை. வரைவில் இருப்பது: கிடைக்கும் இழப்பீட்டில் 15% ஃபீஸ், அதில் சென்னைக்கு 55, மதுரைக்கு 40, ஆளைக் கூட்டிவந்த குமாஸ்தாவுக்கு 5. பங்கு வராவிட்டால் இதை வைத்து வழக்குப் போட முடியுமா?

பதில் 1:
முடியாது சார். வக்கீலும் வக்கீலும் பங்கு போடுவதில் தடை இல்லை. சிக்கல் அந்த 15%-இல். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, கிடைப்பதில் பங்கும் கேட்கக் கூடாது என்கிறது பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி 20 (பகுதி 6, அத்தியாயம் 2). பி. சுனிதா எதிர் தெலங்கானா அரசு வழக்கில் (2017) ஃபீஸுக்காக வாங்கிய செக்கை வைத்துப் போட்ட 138 வழக்கையே (செக் பவுன்ஸ் வழக்கு) உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-இல் அடிபடும் என்றது. மூல ஃபீஸே செல்லாதபோது அதைப் பங்கு பிரிக்கும் ஒப்பந்தம் எதன்மேல் நிற்கும்?

குமாஸ்தாவின் 5% தனி ஆபத்து. வக்கீல் அல்லாதவரோடு ஃபீஸ் பங்கு கூடாது (அத்தியாயம் 3, விதி 2). ஆள் பிடித்ததற்கான கூலி என்றால் விதி 36-உம் சேரும். மறுபயனில் (ஒப்பந்தத்துக்குக் கைமாறாகத் தருவதில்) ஒரு பகுதி சட்டவிரோதமானாலும் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 24 முழு ஒப்பந்தத்தையும் கவிழ்த்துவிடும். வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35-இன் கீழ் ஒழுங்கு நடவடிக்கைக்கும் இருவருமே ஆளாகலாம்.

கேட்டவர்:
15%-க்குப் பதிலாக 60,000 ரூபாய் என்று போட்டால்? ‘கட்சிக்காரரின் எழுத்துச் சம்மதம், கூட்டுப் பொறுப்பு’ என்ற ஷரத்துகளும் மாதிரி ஒப்பந்தத்தில் உள்ளன.

பதில் 2:
அது அமெரிக்க மாதிரி, அங்குள்ள வழக்கறிஞர் சங்கமான ஏபிஏ-வின் விதி 1.5(இ). அங்கே பெரும்பாலான சிவில் வழக்குகளில் சதவீத ஃபீஸ் அனுமதி உண்டு. இங்கே அப்படியே ஒட்டினால் விதி 20-இல் மாட்டும். சம்மத ஷரத்து மட்டும் இருக்கட்டும், நல்லதுதான்.

60,000 சரி. ஆனால் ‘இழப்பீடு வந்தபின் தரவேண்டும்’ என்று எழுதினால் பழைய கதைதான். மனு, சாட்சி, வாதம் என்று கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் தரவேண்டியது என்று இருக்கட்டும். மதுரை என்ன வேலை செய்யும் என்பதையும் எழுதுங்கள். வெறுமனே ஆள் அனுப்பியதற்கு 40% என்றால் கமிஷன் வாடை அடிக்கும். வக்காலத்தில் இரண்டு பெயரும் வரட்டும்.

‘பங்குதாரர்’ என்ற சொல்லைத் தவிருங்கள். பதிவு செய்யாத கூட்டு என்று ஆகிவிட்டால் 1932 கூட்டாண்மைச் சட்டம் பிரிவு 69 வழக்கைத் தடுக்கும். எல்லாவற்றிலும் எளிது, கட்சிக்காரரே இருவருக்கும் தனித்தனியாக வங்கியில் கட்டி, தனித்தனி ரசீது வாங்குவது. அப்போது இந்த ஒப்பந்தத்துக்கே பெரிய வேலை இல்லை.