முள்ளழற்சியா, முறிமுள் அழற்சியா?

> முள் தைத்து வரும் திசு வீக்கத்துக்குத் தமிழ்ச் சொல்லாக 'முள்ளழற்சி' போதுமே?

ஐயா, வணக்கம். சொல் சின்னது, வாய்க்கும் சுலபம். ஆனால் கல்லீரல் அழற்சி என்றால் அழல்வது கல்லீரல், மூட்டழற்சி என்றால் மூட்டு. அந்தப் பழக்கத்தில் முள்ளழற்சி என்று படிப்பவர், முள்ளுக்கே அழற்சி என்றுதான் எடுத்துக்கொள்வார். போதாக்குறைக்கு முள்ளெலும்பு வேறு இருக்கிறது. முதுகுவலிக்காரர்கள் ஓடி வந்துவிடுவார்கள்.

'முள் தைத்தல்' எங்கள் தருமபுரிப் பக்கம் எல்லார் வாயிலும் இருக்கும் சொல். 'முள்தை அழற்சி' என்று எழுதிப் பார்த்தேன். புணர்ச்சி விதியைப் போட்டால் முள்+தை முட்டை ஆகிவிடுகிறது! விட்டுவிட்டேன். 'முட்குத்து அழற்சி' பரவாயில்லை. ஆனால் குத்தியதோடு கதை முடிந்தால் இந்த நோயே இல்லையே.

என் அக்கா மகன் பாலக்கோடு பக்கம் ஏரிக்கரையில் ஈச்சம்பழம் பறிக்கப் போய் முழங்காலில் முள் ஏற்றிக்கொண்டான். ஊக்கால் நெம்பி எடுத்து எருக்கம்பால் வைத்தார்கள். நாலு நாளில் வீக்கம் வடிந்தது. ஒரு மாதம் ஓடி விளையாடினான். அப்புறம் மறுபடி வீங்கி, காலை மடக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, முள் அதில் விழாது. அல்ட்ராசவுண்டில்தான் ஒரு கீற்று தெரிந்தது. அறுவை செய்து எடுத்த துண்டு அரை அரிசி நீளம், நுனி கறுத்திருந்தது. சுற்றித் தடித்துப்போன மூட்டுச்சவ்வையும் எடுத்தார்கள். மூட்டுநீரைச் சோதித்ததில் கிருமி எதுவும் வளரவில்லை.

ஆக, முறிந்து உள்ளே தங்கிய துண்டுதான் காரணம். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாமல், வெளியே தள்ளவும் முடியாமல் சுற்றிலும் திசுவைக் கட்டிக்கொள்கிறது. அதனால் 'முறிமுள் அழற்சி'. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. மூட்டில் வந்தால் முறிமுள் மூட்டழற்சி, தசையை எலும்போடு கட்டும் தசைநாணின் உறையில் வந்தால் முறிமுள் நாணுறை அழற்சி.

---

அண்ணா, முறிமுள் எனக்குச் சம்மதம். ஓசூரில் ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவில் இருப்பதால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ரோஜா முள் கீறிய இடத்தில் பூஞ்சை புகுந்து, கை நெடுக வரிசையாகக் கட்டி கிளம்புமே ஸ்போரோட்ரைகோசிஸ், அதையும் இதில் சேர்ப்பீர்களா? வேண்டாம் என்பேன். அங்கே முள் வழி திறந்துவிடுவதோடு சரி, உள்ளே தங்குவது பூஞ்சை. அது பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கு அடங்கும். இது துண்டை எடுக்காமல் அடங்காது.

இன்னொன்று, மூட்டழற்சி என்றால் ஆர்த்ரைடிஸ் என்று ஊன்றிப்போச்சு. இங்கே அழல்வது சவ்வு. 'முறிமுள் மூட்டுச்சவ்வழற்சி' என்றே போட்டுவிடலாமா? நீளம்தான், தெரிகிறது.