தனிம வரிசை அட்டவணை: மகள் ஒப்பிக்கிறாள், புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (திண்டிவனம் தையல்கடை)

வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். முதல் 20 தனிமங்களை ஹைட்ரஜனில் தொடங்கி கால்சியம் வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். ஆனால் போன தேர்வில் மெக்னீசியமும் குளோரினும் சேர்ந்தால் என்ன வாய்பாடு என்று கேட்டதற்கு, ஒரு மெக்னீசியம் ஒரு குளோரின் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். ஏன் என்றால், “அது அட்டவணையில போடலையேம்மா” என்கிறாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 118 கட்டம். இரண்டு ஓரமும் கொம்பு மாதிரி தூக்கிக்கொண்டு, நடுவில் பள்ளமாக இருக்கிறது. கீழே இரண்டு வரிசை தனியாகக் கிடக்கிறது. சோடியத்துக்கு ‘என்ஏ’ என்றும் பொட்டாசியத்துக்கு ‘கே’ என்றும் போட்டிருக்கிறார்கள். ராத்திரி கடை சாத்தியபிறகு ஒரு மணி நேரம் அவளோடு உட்கார முடியும். எதை முதலில் பிடிப்பது?

பதில் 1 (பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு)

அக்கா, 118-ஐயும் மனப்பாடம் செய்யவே வேண்டாம். கல்லூரியிலும் அப்படி யாரும் கேட்பதில்லை. தெரிந்த 20-ஐயே எட்டு எட்டாக மடித்து எழுதச் சொல்லுங்கள். ஹைட்ரஜனும் ஹீலியமும் மேலே. லித்தியம் முதல் நியான் வரை ஒரு வரி. சோடியம் முதல் ஆர்கான் வரை அதன் கீழே. பொட்டாசியமும் கால்சியமும் அடுத்த வரியில். நேராகச் சொன்னால் அது வெறும் பட்டியல், மடித்தால்தான் அட்டவணை.

பெயரோடு பொருந்தாத குறியீடுகள் பெரும்பாலும் லத்தீன் பெயரிலிருந்து வந்தவை. சோடியம் நேட்ரியம், பொட்டாசியம் காலியம், இரும்பு ஃபெர்ரம், தங்கம் ஆரம்.

பதில் 2 (ஓய்வுபெற்ற வேதியியல் டீச்சர், திருவண்ணாமலை மாவட்டம்)

தம்பி சொன்ன ‘மடித்து எழுது’ என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. ஏன் மடிக்கிறோம் என்பதை நான் சொல்கிறேன். 31 வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். அட்டவணையைச் சுவரில் மாட்டிவிட்டுப் பாடம் தொடங்கிய வருடங்களில் பிள்ளைகளுக்கு எதுவும் ஏறவில்லை. சோடியத்தைக் காட்டிவிட்டுத் தொடங்கிய வருடங்களில் ஏறியது.

ஆய்வகத்தில் சோடியம் மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும். இடுக்கியால் எடுத்து, துடைத்து, கத்தி வைத்தால் ஃபிரிட்ஜில் வைத்த வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். வெட்டின முகம் வெள்ளி போலப் பளிச்சென்று இருக்கும். “பார், பார்” என்று சொல்லி முடிப்பதற்குள் மங்கிவிடும். பாசிப்பயறு அளவு துண்டைத் தண்ணீரில் போட்டால் உருண்டையாகி, ஸ்ஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டு மேலேயே ஓடும். தண்ணீரில் முன்கூட்டியே பினாஃப்தலீன் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டிருந்தால், அது ஓடிய தடமெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். (இது ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டியது. பிள்ளைகள் கையில் தரக்கூடாது.) அடுத்து பொட்டாசியம். அது ஓடுவதோடு நிற்காது, கத்தரிப்பூ நிறத்தில் தீப்பிடித்துவிடும். அப்புறம் கேட்பேன்: இரண்டும் வேறு வேறு பொருள், ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன? இந்தக் கேள்வி பிள்ளைகள் மனதில் விழுந்தபிறகுதான் அட்டவணையை எடுப்பேன்.

பதில் வெளிக்கூட்டில் இருக்கிறது. அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் கூடு கூடாக நிற்கும், அதில் கடைசிக் கூடுதான் வெளிக்கூடு. சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று நிற்கின்றன. பொட்டாசியத்தின் 19 எலக்ட்ரான்கள் 2, 8, 8, 1. இரண்டுக்கும் கடைசியில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை எப்படியாவது கொடுத்துவிடப் பார்க்கும். அதனால்தான் இரண்டும் ஒரே தொகுதியில் மேலும் கீழுமாக நிற்கின்றன. மேலிருந்து கீழாகப் போகும் தொகுதி, கடைசிக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று சொல்கிறது. குறுக்காகப் போகும் தொடர், மொத்தம் எத்தனை கூடு என்று சொல்கிறது. இந்த இரண்டும் பிடிபட்டால் அட்டவணையில் பாதி வேலை முடிந்தது.

இப்போது உங்கள் மெக்னீசியம். அது இரண்டாம் தொகுதி: 2, 8, 2. கொடுக்க இரண்டு இருக்கிறது. குளோரின் 2, 8, 7. வெளிக்கூடு நிரம்ப எட்டு வேண்டும், ஒன்று குறைகிறது. ஒரு குளோரின் ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும், மீதி ஒன்றை யார் வாங்குவது? இன்னொரு குளோரின். ஆக ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு குளோரின். “அட்டவணையில போடலையேம்மா” என்றாளே, போட்டிருக்கிறது. அவள் கண் பெயரையே பார்த்ததால் அது நிற்கும் இடத்தைப் பார்க்கவில்லை.

ஒரு இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தடுக்கி விழுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளோரின் 17-ஆம் தொகுதி என்று புத்தகத்தில் இருக்கும். வெளிக்கூட்டில் 17 எலக்ட்ரானா என்று கேட்பாள். 13 முதல் 18 வரை உள்ள தொகுதிகளில் 10-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். நடுப் பள்ளத்தில் நிற்கும் பத்துத் தொகுதிகளையும் சேர்த்து எண்ணுவதால் வந்த எண் அது. (ஹீலியத்துக்கு மட்டும் இரண்டே எலக்ட்ரான், அதன் கூடு அவ்வளவுதான் கொள்ளும்.)

ராத்திரிக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கும். 20 அட்டை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் பெயர், அணு நிறை, எத்தனை ஹைட்ரஜனோடு அல்லது குளோரினோடு சேரும், இவ்வளவு போதும். அவளை மடித்து அடுக்கச் சொல்லுங்கள். சிலிக்கான் அட்டையை மட்டும் நீங்கள் ஒளித்து வையுங்கள். இடது பக்கம் அலுமினியம் 27, வலது பக்கம் பாஸ்பரஸ் 31, மேலே நான்கு ஹைட்ரஜனோடு சேரும் கார்பன். காணாமல்போனது யார், அதன் நிறை எவ்வளவு, எத்தனை ஹைட்ரஜனோடு சேரும் என்று கேளுங்கள். 29, நான்கு என்பாள். உண்மையான நிறை 28. ஒரு அட்டையைப் பார்க்காமலே அதைப் பற்றிச் சொல்லிவிட்டோம் என்று தெரியும்போது பிள்ளை முகத்தைப் பாருங்கள்.

ரஷ்யாவில் மெண்டலீவ் 1869-இல் செய்தது இதைத்தான். அப்போது தெரிந்திருந்தவை 63 தனிமங்கள். பொருந்தாத இடத்தில் எதையாவது திணிக்காமல் காலியாக விட்டார். சிலிக்கானுக்குக் கீழே இருந்த காலி இடத்துக்கு ‘ஏகசிலிக்கான்’ என்று பெயர் வைத்தார். சமஸ்கிருத ‘ஏக’தான். அதன் நிறை 72, அடர்த்தி 5.5 என்று கணித்தார். 1886-இல் ஜெர்மனியில் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார். நிறை 72.6, அடர்த்தி 5.3-க்கு மேல். காலி இடத்தை விட்டுவைக்க அவருக்கு இருந்த துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

பதில் 3 (நகைப் பட்டறை, கும்பகோணம்)

சகோதரிக்கு வணக்கம். நான் படித்தது எட்டாவது. பேத்தியின் புத்தகத்தில் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் ஒரே தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்த்து அசந்துபோனேன். பட்டறையில் தினமும் அவை சேர்ந்துதான் இருக்கின்றன. 916 நகை என்றால் 1000 பங்கில் 916 தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். செம்பு கூடினால் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும்.

டீச்சரிடம் ஒரு சந்தேகம். சோடியத்தைவிட அதன் கீழே உள்ள பொட்டாசியம் வேகம் என்றீர்கள். எங்கள் மூன்றில் அது தலைகீழ். செம்பு களிம்பு ஏறும், வெள்ளி கறுக்கும், தங்கம் எத்தனை வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். கீழே போகப் போக சாதுவாகிறதே?

திண்டிவனம் தையல்கடை

டீச்சர், நேற்று ராத்திரி அட்டை அடுக்கினோம். சிலிக்கானை 29 என்றுதான் சொன்னாள்! துள்ளிக் குதித்தாள். ஆனால் கடைசியில் ஒரு சிக்கல். நிறை வரிசையில்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக வைத்தாள். ஆர்கான் 40, பொட்டாசியம் 39. ஆகவே பொட்டாசியம் முந்திக்கொண்டு நியானுக்குக் கீழே போய்விட்டது, ஆர்கான் சோடியத்துக்குக் கீழே வந்துவிட்டது. “தீப்பிடிக்கிறது மந்த வாயு பக்கத்துல நிக்குது, இது தப்பும்மா” என்று அவளே சொல்கிறாள். அட்டவணை தப்பா, நிறை தப்பா?

ஓய்வுபெற்ற வேதியியல் டீச்சர்

உங்கள் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. இந்தக் கேள்வியை என் வகுப்பில் கேட்ட பிள்ளைகள் மிகவும் குறைவு.

இரண்டும் தப்பில்லை, அடுக்கிய விதம்தான் தப்பு. மெண்டலீவுக்கும் இதே இடைஞ்சல் வந்தது. அட்டவணை போட்டபோது ஆர்கானை அவர் அறியமாட்டார், அது 1894-இல்தான் கிடைத்தது. அவருக்கு வந்தது டெல்லூரியமும் அயோடினும். டெல்லூரியம்தான் கனம், ஆனாலும் அயோடினைக் குளோரின் குடும்பத்தில் வைப்பதற்காக டெல்லூரியத்தை முன்னால் வைத்தார். நிறையை அளந்ததில்தான் பிழை என்று நம்பினார். பிழை அதில் இல்லை. 1913-இல் இங்கிலாந்தில் மோஸ்லி என்ற இளைஞர் தனிமங்களிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களை அளந்து, வரிசையைத் தீர்மானிப்பது நிறை அல்ல, அணுக்கருவில் உள்ள நேர்மின்சுமை என்று காட்டினார். அதுதான் அணு எண். ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. சிக்கல் தீர்ந்தது. மோஸ்லி 1915-இல் கல்லிப்போலி போரில் இறந்துபோனார். வயது 27.

பட்டறை ஐயாவுக்கு: நீங்கள் கண்ணால் கண்டது சரி. முதல் தொகுதியின் விதி நடுப் பத்துத் தொகுதிகளுக்கு அப்படியே பொருந்தாது. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் நடுவே, அட்டவணைக்குக் கீழே தனியாகக் கிடக்கிறதே, அந்த லாந்தனைடு வரிசை நுழைகிறது. பக்கத்தில் இடம் போதாமல்தான் அதைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கடந்து வருவதற்குள் கருவின் மின்சுமை வெகுவாக ஏறிவிடுகிறது. நடுவில் சேரும் எலக்ட்ரான்களால் அந்த இழுப்பைச் சரியாக மறைக்க முடிவதில்லை. அதனால் தங்கம் தன் கடைசி எலக்ட்ரானை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, லேசில் விடாது.

அம்மா, இன்று ராத்திரி ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் சிவப்புப் பேனாவால் அணு எண் எழுதி மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். ஹைட்ரஜனை மட்டும் கையில் வைத்திருக்கட்டும். கொடுக்கவும் ஒன்று, வாங்கவும் ஒன்று. லித்தியத்துக்கு மேலே வைப்பாளா, ஃபுளூரினுக்கு மேலே வைப்பாளா? என்ன காரணம் சொல்கிறாள் என்று இங்கே எழுதுங்கள்.