கழுத்துப்பட்டையில் ‘ஹெச் 214’: இவரை எப்படித் தேடுவது?

மங்கல்படம்:
என் மனைவியின் கொள்ளுத் தாத்தா விக்டோரியா காலத்து லண்டனில் போலீஸ்காரர். மிஞ்சியிருப்பது ஒரே புகைப்படம். புதர் மீசை, இடது மணிக்கட்டில் கோடுபோட்ட பட்டை, கழுத்துப்பட்டையில் ‘ஹெச்’ என்ற எழுத்து, கூடவே 214. அந்த எண்ணை வைத்து இரண்டு மாதம் தேடிவிட்டேன்; ஒன்றும் அகப்படவில்லை.

ஏடுதேடி:
தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு அலைந்திருக்கிறீர்கள். கழுத்து எண் பிரிவுக்குரியது; ‘ஹெச்’ என்றால் கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் வட்டாரப் போலீஸ் பிரிவு. பிரிவு மாறினால் எண்ணும் மாறும். ஆளோடு கடைசிவரை போவது, பணியில் சேரும்போது தரப்படும் வாரண்ட் எண்தான். லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பணியில் சேர்ந்தோர், விலகியோர் பதிவேடுகள் இருக்கின்றன. ஓய்வூதியம் வாங்கியிருந்தால் உங்களுக்கு யோகம்: 1852 முதலான அந்தத் தாள்களில் அங்க அடையாளம், பெற்றோர் பெயர் வரை இருக்கும். ஆனால் 1890 போலீஸ் ஓய்வூதியச் சட்டத்துக்கு முன் ஓய்வூதியம் உரிமையல்ல, மேலிடத்துத் தயவு. நம்பிக்கையை அளவோடு வையுங்கள்.

பேனாக்கத்தி:
லண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியின் விசாரணைப் பதிவுகளையும் பாருங்கள். 1913 வரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சாட்சி சொன்ன காவலரின் பெயரோடு பிரிவும் எண்ணும் அச்சாகியிருக்கும். அங்கே அந்த 214 உதவும்.

மங்கல்படம்:
அகப்பட்டுவிட்டார்! நள்ளிரவில் பூட்ஸ் கடைக்குள் புகுந்தவனைத் துரத்திப் பிடித்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். குடும்பப் பெயரில் ஓர் எழுத்து மாறி அச்சாகியிருக்கிறது. அதனால்தான் பெயரைத் தட்டியபோதெல்லாம் வரவில்லை. மனைவி இரவோடு இரவாக உறவினர் அத்தனை பேருக்கும் போன் செய்துவிட்டாள். அடுத்தது வாரண்ட் எண்.