மெனாய் பாலம் பரங்கிப்பேட்டை இரும்பா? இந்தக் கதை இன்னும் எத்தனை நாளைக்கு?

தேதிக்காரன்:
காலையில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். சங்கிலியில் தொங்கும் பாலம், கீழே மஞ்சள் எழுத்தில், "லண்டனில் நிற்கும் மெனாய் பாலம் நம் பரங்கிப்பேட்டை இரும்பால் கட்டியது, தமிழனாக இருந்தால் பகிரவும்." பகிர்ந்தவர் இங்கேயும் இருக்கிறார், பெயர் சொல்ல விரும்பவில்லை. முதலில், அது லண்டனே இல்லை, வேல்ஸ். அப்புறம், மெனாய் தொங்குபாலம் திறந்தது 1826. ஆங்கிலேயரான ஹீத் துரை நம் வெள்ளாற்றங்கரையில் இரும்பு ஆலையைத் தொடங்கியது 1830. பிள்ளை பிறக்கும் முன்னே மாப்பிள்ளையாகப் போய்விட்டானா?

வெள்ளாற்றங்கரை:
பகிர்ந்தது நான்தான், ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை. பிரிட்டானியா பாலத்துக்கும் மெனாய் பாலத்துக்கும் இங்கிருந்து இரும்பு போனது என்று பழைய குறிப்புகளில் இருக்கிறது. வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டதை நம் ஊர்க்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். என் ஆத்தா வீட்டுக் கொல்லையில் கழிவறைக்குக் குழி தோண்டியபோது இடுப்பளவு ஆழத்தில் கறுப்புக் கிட்டம், அதாவது இரும்பு உருக்கிய கழிவு, வந்தது. கண்ணாடி மாதிரி பளபளப்பு, நடுவில் குமிழ் குமிழாக ஓட்டை, கையில் எடுத்தால் கல்லைவிடக் கனம். அதில் ஒன்று இன்றைக்கும் எங்கள் வாசல் கதவுக்கு முட்டு. அதைத் தினமும் தாண்டிப் போகிறவனிடம் வந்து தேதி சொல்கிறீர்கள்.

தேதிக்காரன்:
கதவுக்கு முட்டு இருப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. 1826.

கஞ்சமலைக்காரன்:
ஒரு சின்ன விஷயம். அந்த இரும்புக்கல் சேலத்தில் வெட்டியது. பரிசலில் ஏற்றி, காவிரி வழியாகக் கொள்ளிடம், அங்கிருந்து வாய்க்காலில் உங்கள் ஊர். அப்படியிருக்க "பரங்கிப்பேட்டை இரும்பு" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நீங்கள் அடுப்பு மட்டும்தான் வைத்தீர்கள்.

வெள்ளாற்றங்கரை:
அடுப்பு வைத்தவன்தான் சோறு போட்டவன். நெல் விளைந்த வயல் பந்தியில் வந்து உட்காருமா? 1833இல் கம்பெனிக்கு என்ன பெயர் வைத்தார்கள்? போர்ட்டோ நோவோ ஸ்டீல் அண்ட் அயர்ன் கம்பெனி. போர்ட்டோ நோவோ என்றால் வெள்ளைக்காரன் வாயில் பரங்கிப்பேட்டை. சேலம் என்றா வைத்தார்கள்?

புதியவன்:
நான் இங்கே புதிது. பாலத்துக்குப் போனதாகச் சொல்வது அச்சில் ஊற்றும் வார்ப்பிரும்பா, அடித்து வளைக்கும் தேனிரும்பா, எஃகா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையுமே.

தேதிக்காரன்:
எது போயிருந்தாலும் 1826க்கு முன்னால் போயிருக்க முடியாது. பிரிட்டானியா வேறு. ஸ்டீபன்சன் கட்டிய ரயில் பாலம், இரும்புத் தகடுகளைத் தறைந்து செய்த குழாய், 1850. அதற்குப் போனது என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் படத்தில் இருப்பது டெல்ஃபோர்டின் தொங்குபாலம்.

வெள்ளாற்றங்கரை:
ஆக, போனது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தேதிக்காரன்:
"என்றால்" என்று சொன்னேன். அந்தச் சொல்லை விழுங்காதீர்கள்.

வெள்ளாற்றங்கரை:
இரண்டு பாலமும் நிற்பது ஒரே மெனாய் நீரிணை. அப்படியானால் இரண்டும் மெனாய் பாலம்தான். இதற்கு மேல் கேளுங்கள். 1839இல் அந்தத் தொங்குபாலம் புயலில் அடிபட்டது. அப்போது இங்கே ஆலை ஓடிக்கொண்டிருந்தது. பழுது பார்க்க நம் இரும்பு போயிருக்கக் கூடாதா? போகவில்லை என்பதற்கு உங்களிடம் ரசீது இருக்கிறதா?

தேதிக்காரன்:
காலையில் "கட்டியது", மத்தியானம் "பழுது பார்த்தது". சாயங்காலத்துக்குள் பாலத்துக்குப் பெயிண்ட் அடித்தது என்று வந்து நிற்பீர்கள். இவர் யார் தெரியுமா? 1781 பரங்கிப்பேட்டைப் போரில் ஐதர் அலி ஜெயித்தார் என்று இதே இடத்தில் மூன்று நாள் வாதாடியவர். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஜெயித்தார் என்று நான் காட்டியதும், "மனதளவில் ஐதர்தான்" என்று முடித்தார்.

வெள்ளாற்றங்கரை:
மனதளவில் ஐதர்தான். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

கஞ்சமலைக்காரன்:
பரிசலைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

கரிமூட்டம்:
இவ்வளவு பெருமை பேசுகிறீர்களே, ஆலை ஏன் நின்றது என்று ஒருவராவது சொன்னீர்களா? அது நிலக்கரி உலை இல்லை, மரக்கரி. காட்டை வெட்டி வெட்டிப் போட்டார்கள். பக்கத்தில் மரம் தீர்ந்ததும் கரி வெகுதூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று, அந்த விலை கட்டுப்படியாகவில்லை. ஹீத் கடைசியில் இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கி, அதற்காக வழக்கு மேல் வழக்கு நடத்தி, 1851இல் இறந்துபோனார். இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டு முதலாளிகள் அந்த முறையில் சம்பாதித்தார்கள். பேச வேண்டியது இது. நீங்கள் பாலத்தில் தொங்குகிறீர்கள்.

வெள்ளாற்றங்கரை:
காடு போனதற்கும் நாங்கள்தான் காரணமா? ஊரில் எது நடந்தாலும் பழி சொல்ல ஒரு ஆள் வந்துவிடுவார். மாங்கனீசு வித்தையைத் துரை எங்கே கற்றிருப்பார்? வெள்ளாற்றங்கரையில். ஷெஃபீல்டு எஃகும் நம்முடையது என்று நான் நாளைக்கே எழுதுவேன்.

தேதிக்காரன்:
எழுதுங்கள். தேதி மட்டும் போடாதீர்கள்.

புதியவன்:
தேனிரும்பா என்று கேட்டேன்...

நெல்மூட்டை:
அந்தக் கதவு முட்டு பற்றி ஒரு சந்தேகம். பழைய அரிசி மில் கொதிகலனிலிருந்து கொட்டும் கிட்டமும் அப்படித்தான் ஓட்டை ஓட்டையாக இருக்கும். உங்கள் ஆத்தா வீட்டுக்குப் பக்கத்தில் மில் எதுவும் இருந்ததா?

வெள்ளாற்றங்கரை:
இருந்தது. அதனால் என்ன? மில் கிட்டம் இவ்வளவு கனம் இருக்காது.

நெல்மூட்டை:
நிறுத்துப் பார்த்தீர்களா?

வெள்ளாற்றங்கரை:
மீன் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றே முக்கால் கிலோ. தென்னை ஓலைக் கட்டுக்குப் பாரமாக வைத்தால் காற்றில் அசையாது. மில் கிட்டம் என்றால் உதைத்தாலே உருளும். எங்கள் தாத்தா சொன்னது இது, மேற்கொண்டு யார் வந்து சொன்னாலும் கேட்க மாட்டேன்.

தேதிக்காரன்:
தாத்தாவுக்கு 1826இல் எத்தனை வயது?

வெள்ளாற்றங்கரை:
தாத்தாவை இழுக்காதீர்கள். மரியாதையாகச் சொல்கிறேன். போன பொங்கலுக்கு என் வீட்டில் மூன்று தடவை வடை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் நீங்கள்.

தேதிக்காரன்:
இரண்டு தடவை.

வெள்ளாற்றங்கரை:
மூன்று. என் மனைவி சாட்சி.

கஞ்சமலைக்காரன்:
வடை இருக்கட்டும். கல் யாருடையது?