ஹார்மனி ஏத்தினதும் 12 கம்பி கிற்றார் சுருதி விலகுது, டியூனரில எல்லாம் பச்சை

கடற்குரல்
அவசரம். வீட்டில ஒரு கவர் பாட்டு ரெக்கோட் பண்ணுறம். 12 கம்பி கிற்றாரும் மெயின் குரலும் மட்டும் கேட்டால் சரியா இருக்கு. மேல ரெண்டு ஹார்மனி ஏத்தினதும் கிற்றார் சுருதி இல்லாத மாதிரி கலங்குது, நீட்டிப் பாடுற இடத்தில குரலும் நடுங்குது. பாடினவை சுருதி விட்டுப் பாடுற ஆக்கள் இல்லை. டியூனர் எல்லாக் கம்பிக்கும் பச்சை காட்டுது. வெள்ளிக்கிழமைக்கு முதல் முடிக்கவேணும். என்ன செய்யலாம்?

நிலாவெளி ஒலி
இவ்வளவு விவரத்தோட ஒண்டும் சொல்ல ஏலாது. என்ன மைக், எத்தினை? மைக் கிற்றாரில எந்த இடத்தைப் பார்க்குது? கேப்போ (கழுத்தில எல்லாக் கம்பியையும் அமத்துற பிடி) போட்டிருக்கா, எத்தினையாவது கட்டத்தில? பாடேக்க ஹெட்போனா, ஸ்பீக்கரா? அறையில ஃபேன் ஓடுதா? கம்பி எப்ப மாத்தினது? கிற்றார் மட்டும் 20 விநாடி, ஹார்மனி மட்டும் 20 விநாடி தனித்தனியா ஏத்தி விடுங்கோ.

பழைய கை
இங்கே கேட்க முன் என்னென்ன சொல்லவேண்டும் என்று மேலே ஒட்டியே இருக்கிறது. ஒருவரும் வாசிப்பதில்லை. தம்பி, 12 கம்பியை டியூன் பண்ணப் பழகிவிட்டு ரெக்கோடிங்கில் இறங்குவதுதான் முறை. 12 கம்பியும் ஆறு சோடியாக நிற்கும். ஒரு சோடியின் இரண்டு கம்பியையும் ஒன்றாகத் தட்டினால் டியூனர் உரத்த கம்பியை மட்டும்தான் பிடிக்கும். ஒன்றை விரலால் அடக்கி மற்றதைப் பார்க்கவேண்டும். பச்சை விளக்கு ஒரு சாட்சி இல்லை.

உவர்மலை
சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தினை தரம் ஒலியை அளக்குது எண்டது) புரொஜெக்டில 48,000, மைக்கில 44,100 எண்டு இருக்கும். அதைப் பாருங்கோ முதல். எனக்கு நூறு வீதம் நிச்சயம்.

நிலாவெளி ஒலி
@உவர்மலை அப்பிடி எண்டால் ஹார்மனி முழுக்க ஒண்டரை அரைச்சுரம் தள்ளி நிக்கும் (147 சென்ட்; ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). முதல் சொல்லிலேயே தெரிஞ்சிடும். இவர் சொல்லுறது கலக்கம். அது சில சென்ட் வித்தியாசத்தில வாற விசயம்.

கடற்குரல்
சொறி. ஒரு யூஎஸ்பி கண்டென்சர் மைக், ஒலித்துளைக்கு நேர, ஒரு சாண் தூரத்தில. கேப்போ 2ஆம் கட்டத்தில, ஜி ஷேப் (ஜி கோர்டின் விரல் பிடி), பாட்டு ஏ மேஜரில. லப்டொப்பில ரீப்பர் (ரெக்கோட் பண்ணுற மென்பொருள்). ஹெட்போன் புளூடூத். ஃபேன் ஒண்டாம் நம்பரில ஓடுது, இல்லாட்டி இருக்க ஏலாது. அறை டைல்ஸ். ஹார்மனி பாடுறது தங்கச்சியும் மச்சாளும்.

மின்கம்பி
புளூடூத்! அதுதான். புளூடூத்தில 100 முதல் 300 மில்லிசெக்கன் வரைக்கும் சுணக்கம் வரும். கிற்றாரைப் பிந்திக் கேட்டுத்தான் அவை பாடுறா. மைக்கிலேயே ஹெட்போன் குத்துற துளை இருக்கும், வயர் போட்ட, காதை மூடுற ஹெட்போனை அதில குத்துங்கோ. சொந்தக் குரல் மைக்கில இருந்து நேரா வரும். ரீப்பரில அந்த ட்ராக்கின்ர மொனிட்டரை நிப்பாட்டவேணும், இல்லாட்டி குரல் ரெண்டு தரம் கேக்கும். பஃபரை (ஒலியைச் சேத்து வைச்சு அனுப்புற அளவு) 1024இல விட்டால் 48,000இல அது மட்டும் 21 மில்லிசெக்கன். 128இல வைச்சால் 3க்கும் குறைவு.

நிலாவெளி ஒலி
புளூடூத்தைக் கட்டாயம் மாத்தவேணும், ஆனால் அது தாளப் பிழை. சுருதிக் கலக்கம் வேற. நடுக்கத்தை எண்ணிப் பாருங்கோ, காரணம் அதிலயே தெரியும். ஃபேன் இறக்கை சத்தத்தை வெட்டி வெட்டித் திருப்பி அனுப்பும்: நிமிசத்துக்கு 100 சுத்து, 3 இறக்கை எண்டால் விநாடிக்கு 5 தரம். அந்த வேகத்தில நடுங்கினால் ஃபேன். விநாடிக்கு ரெண்டு தரம் போல மெதுவா அலையடிச்சால் கம்பி.

எது எண்டாலும் ஃபேனை நிப்பாட்டித்தான் ரெக்கோட் பண்ணவேணும். நிப்பாட்டின உடன டியூன் பண்ணாதேங்கோ. காத்துப் பட்ட கம்பி சூடேற இறங்கும். கிற்றாரை பத்து நிமிசம் அறையில விட்டுட்டுப் பிறகு டியூன். இப்ப கச்சான் காத்து நேரம், யன்னலைச் சாத்தாட்டி இரைச்சல் அடியில கிடக்கும்.

மைக்கை ஒலித்துளையில இருந்து எடுங்கோ. பெட்டிக்குள்ள இருக்கிற காத்து 100 ஹேர்ட்ஸ் சுத்துவட்டாரத்தில ஊதும், 12 கம்பியில அது எல்லாத்தையும் மூடும். கழுத்து உடம்போட சேருற இடத்தை, 12ஆவது கட்டம் பக்கமா, 25 சென்ரிமீற்றரில பாருங்கோ. பின்னால ஒரு தும்பு மெத்தையை நிமித்தி வையுங்கோ. டைல்ஸ் அறைக்கு அது பெரிய உதவி.

சுருதிப்பெட்டி
எல்லாரும் கருவியைப் பற்றியே கதைக்கிறீர்கள். குரலைப் பாருங்கள். கிற்றாரின் கட்டங்கள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான அரைச்சுரமாகப் பிரிக்கின்றன. ஏ மேஜரின் காந்தாரம் (மூன்றாம் சுரம்) கிற்றாரில் ஆதாரத்துக்கு 400 சென்ட் மேலே. நல்ல செவியுள்ளவர் இயல்பாகப் பாடும் அந்தர காந்தாரம் 5/4, அதாவது 386. வித்தியாசம் 14 சென்ட். ஒரு குரல் என்றால் காது பொறுத்துக்கொள்ளும், மூன்று குரல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுத்தமாக நின்றால் கிற்றார்தான் வெளியே தள்ளப்படும். பி சோடியை 14 சென்ட் இறக்கிப் பாருங்கள், ஜி ஷேப்பில் காந்தாரம் அந்தக் கம்பியில்தான் திறந்து ஒலிக்கிறது.

பழைய கை
இறக்குங்கள், பிறகு சி ஷேப் பிடியுங்கள். பி கம்பியின் முதல் கட்டம் அங்கே ஆதாரச் சுரம், அது 14 சென்ட் குறைந்து நிற்கும். டி ஷேப்பில் மூன்றாம் கட்டம், அதுவும் ஆதாரம், அதுவும் குறையும். ஒரு கோர்டைத் திருத்தி இரண்டைக் கெடுப்பது தீர்வு இல்லை. தம்புராவுக்கு ஒரு ஆதாரம்தான், கட்டம் போட்ட கருவி அப்படி இல்லை.

சுருதிப்பெட்டி
கோர்ட் மாறும் பாட்டு என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால் 7 சென்ட் மட்டும் இறக்குங்கள், இரண்டு பக்கமும் பாதி. காதுக்கு இதமாக இருப்பதுதான் அளவு. டியூனர் இல்லாத காலத்தில் யார் சென்ட் பார்த்தார்கள்?

மின்கம்பி
பாடுறவைக்குத்தான் சொல்லிக் குடுக்கவேணும். கிற்றாரின் காந்தாரத்துக்கு ஒட்டிப் பாட வைச்சால் சரி. இல்லாட்டி பிச் திருத்துற ப்ளகினை ஹார்மனிக்கு மட்டும் மெதுவான வேகத்தில போடலாம்.

சுருதிப்பெட்டி
திருத்தி போட்ட குரலில் உயிர் இருக்காது. பாடத் தெரிந்த பிள்ளைகள் என்று அவரே சொல்கிறார்.

பழைய கை
கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கம்பி எப்போது மாற்றியது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கடற்குரல்
செட் பழசு, ரெண்டு மாசம் போல. ஜி சோடியில சின்னது அறுந்து போன கிழமை மாத்தினது. கடையில 12 கம்பி செட் இல்லை, சாதாரண 10 செட்டில முதலாவது கம்பியை (0.010 அங்குலத் தடிப்பு) போட்டது. எண்ணிப் பாத்தன், மெதுவாத்தான் அலையடிக்குது, விநாடிக்கு ரெண்டு இருக்கும்.

நிலாவெளி ஒலி
அங்கதான் இருக்கு. 12 கம்பிக்கான 10-47 செட்டில ஜி சோடி 0.023 அங்குலமும் 0.008 அங்குலமும். நீங்கள் போட்டது 0.010. 12 கம்பியில திறந்து அடிக்கேக்க ஆக உயர்ந்த சத்தம் அந்தச் சின்ன ஜிதான், 392 ஹேர்ட்ஸ், மேல் ஈயையும் விட உயரம். 0.008 அந்தச் சுரத்துக்கு ஏறத்தாழ 6.6 கிலோ இழுக்கும், 0.010 எண்டால் 10 கிலோவைத் தாண்டும். அதோட தலைப்பக்க எலும்பில வெட்டின பள்ளம் 0.008க்கு அளவானது. 0.010 அதுக்குள்ள இறுகி நிக்கும். சாவியைத் திருப்பேக்க கம்பி வழுக்காமல் பிடிச்சு நிண்டு, நாலு தரம் அடிச்சதும் அல்லது கேப்போ அமத்தினதும் டக்கெண்டு விடும். டியூன் பண்ணேக்க பச்சை, பாட்டின் ரெண்டாவது வரியில விலகல்.

இனி ஏன் ஹார்மனி வந்தாப்பிறகு மட்டும் தெரியுது? கேப்போ 2இல அந்தக் கம்பி ஏ, 440. பாட்டின் ஆதாரமும் ஏ. ஹார்மனி நீட்டி நிக்கிறது அநேகமா அதே இடத்தில. கம்பி 7 சென்ட் விலகினாலே 440இல விநாடிக்கு 1.8 அலை. நீங்கள் எண்ணினது அதுதான். மெயின் குரல் கீழ நிக்கிறதால அது மறைஞ்சு போகுது.

செய்யவேண்டியது இது. 0.008 கம்பி போடுங்கோ. 12 கம்பி செட் கிடைக்காட்டி எலெக்ட்ரிக் கிற்றாரின் 8-38 செட்டில முதலாவது கம்பி அதே அளவு, அதே குண்டு முனை. தடிச்ச ஜியையும் புதுசாக்குங்கோ, கடல் உப்பில ரெண்டு மாசம் நிண்ட சுத்துக்கம்பி புதுக் கம்பியோட ஒத்துப்போகாது. பள்ளத்தில பென்சில் கரியைத் தேயுங்கோ. கம்பியை விரலால மெதுவா இழுத்து இழுத்து நீட்டுங்கோ, சுருதி இறங்காமல் நிக்குமட்டும். பிறகு கேப்போவைப் போட்டு, கேப்போ போட்டபடி டியூன் பண்ணுங்கோ: பழைய கை சொன்ன மாதிரி ஒண்டை அடக்கி ஒண்டு, எப்பவும் கீழ இருந்து மேல ஏத்தி. 12 கம்பியில சோடி ரெண்டுக்கும் ஒரே பாலம், சுத்துக்கம்பியும் வெறுங்கம்பியும் கேப்போவுக்கு ஒரே அளவு ஏறாது. திறந்து டியூன் பண்ணிப் பிறகு கேப்போ போட்டால் சோடி பிரியும்.

பழைய கை
இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒன்று சேர்க்கிறேன். கேப்போவைக் கட்டத்தின் உலோகப் பட்டைக்கு ஒட்டி வையுங்கள், கட்டத்தின் நடுவில் அல்ல. கேப்போவின் ரப்பர் தேய்ந்திருந்தால் தடித்த கம்பி மட்டும் அமர்ந்து மெல்லியது இரையும். அதையும் பாருங்கள்.

வெள்ளைமணல்
12 கம்பி செட்டுக்கு அலையவேண்டாம் எண்டால் இன்னொரு வழி இருக்கு. சாதாரண 6 கம்பி கிற்றார் ரெண்டு எடுங்கோ. ஒண்டில வழமையான செட். மற்றதில கீழ் நாலு கம்பிக்கும் 12 செட்டின் சின்னக் கம்பிகளைப் போடுங்கோ: 27, 18, 12, 8 (0.008ஐத்தான் 8 எண்டு சொல்லுறது). மேல் ரெண்டும் வழமை, 14, 10. நாஷ்வில் டியூனிங் எண்டு இதுக்குப் பெயர். ரெண்டையும் தனித்தனி ட்ராக்கில அடிச்சு இடமும் வலமும் வைச்சால் 12 கம்பிச் சத்தம் வரும். ஒவ்வொண்டையும் தனியா டியூன் பண்ணலாம், நடுவில குரலுக்கு இடமும் கிடைக்கும்.

மின்கம்பி
நல்ல வழி. ஆனா 12 கம்பியையே நாலு தரம் அடிச்சு அடுக்க வெளிக்கிடாதேங்கோ, ஒரு ட்ராக் போதும். மிக்ஸ் பண்ணேக்க கிற்றாரில 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்கோ, ஹார்மனியில 150க்குக் கீழ. ஹார்மனி மெயினை விட 6 முதல் 8 டெசிபல் கீழ, ஒண்டு இடம் ஒண்டு வலம். ச, ட, க, ப மாதிரி அடிக்கிற எழுத்துகளை மெயின் குரல் மட்டும் உறுதியாச் சொல்லட்டும், ஹார்மனி அவற்றை மெல்லிசா விட்டு உயிரெழுத்தில நிக்கட்டும். மூண்டு பேரும் ஒரே நேரத்தில "ச்" சொல்ல ஏலாது, கட்டாயம் சிதறும்.

சுருதிப்பெட்டி
கம்பியைத் திருத்தினாலும் காந்தாரம் 14 சென்ட் விலகித்தான் நிற்கும். பொறுத்திருந்து பாருங்கள்.

பழைய கை
அது 200 வருடத்துக்கும் மேலாக எல்லா கிற்றார்ப் பாட்டிலும் நிற்கிறது.

கடற்குரல்
0.008 கம்பி கிடைச்சுது, போட்டாச்சு. தடிச்ச ஜியும் மாத்தினது. கேப்போவோட டியூன் பண்ணி ஃபேன் இல்லாமல் எடுத்தன். கலக்கம் இல்லை. நன்றி எல்லாருக்கும். நேரம் இல்லை, ஓடுறன்.

நிலாவெளி ஒலி
சந்தோசம். பழைய ஹார்மனி ட்ராக்கை அப்பிடியே புதுக் கிற்றாருக்கு மேல வைக்காதேங்கோ. அவை விலகின ஜியைக் கேட்டுத்தான் பாடினவை, நீட்டின இடங்களில அந்த விலகல் குரலிலயும் இருக்கும். வயர் ஹெட்போனோட ரெண்டு பேரையும் திரும்பப் பாட வையுங்கோ, சத்தத்தைக் குறைச்சு, ஒரு காதை அரைவாசி திறந்து. மெயின் குரலை மட்டும் புதுக் கிற்றாரோட கேட்டுப் பாருங்கோ, அது நிண்டால் விடலாம்.